மூன்று வருஷத்துக்கு ஒரு கிரில் வாங்காதீர்கள்

போன மே மாதம் மிச்சிகனில் நோவை என்ற ஊரில் புதுவீடு குடிபோன ஒரு தம்பி, வெளியே வைத்துக் கறி சுட வாங்கி வைத்திருந்த கேஸ் கிரில்லின் பாகங்களைப் பூட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். போனால், கராஜில் பெரிய அட்டைப்பெட்டி. ஐந்து பர்னர், பக்கத்தில் ஒரு தனி அடுப்பு, முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும் மூடி. விலை 349 டாலர். 2012இல் நான் வாங்கியதும் இதே விலை, இதே பளபளப்பு. "அண்ணா, ஃபுல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மிச்சிகனுக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. தெரிந்தவர்கள் வீட்டு கிரில்களைக் கழற்றி மாட்டுவது என் கோடைக்கால வேலையாகவே ஆகிவிட்டது. நான் செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மூடியைத் திறந்து வைத்துப் பற்ற வையுங்கள், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள் என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு, அந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எவர்சில்வர் என்று நம்பி வாங்குவது

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நமக்குச் சின்ன வயதிலேயே பதிந்துவிட்டது. அம்மாவின் கல்யாணச் சீர் பாத்திரங்கள் பெயர் வெட்டியபடி இன்றும் ஊரில் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த நம்பிக்கையோடுதான் நாம் கிரில் கடைக்குள் நுழைகிறோம். நான் கார்களுக்குத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். தகட்டின் தரத்தைப் பற்றித் தினமும் பேசுகிற எனக்கே 2009இல் அதைக் கேட்கத் தோன்றவில்லை. 279 டாலர் கொடுத்து நான்கு பர்னர் கிரில் ஒன்றைத் தூக்கி வந்தேன்.

மூன்றாவது கோடை முடிவில், கோழித் தொடை வெந்துகொண்டிருக்கும்போதே, பர்னர்களைத் தாங்கும் அடிப்பெட்டியின் ஒரு மூலை இற்று விழுந்தது. பர்னர் ஒன்று சாய்ந்து தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு நேராக வீட்டுப் பின்புற மர மேடையான டெக் மேல் சொட்டியது. குழந்தைகள் நான்கடி தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் கேஸ் டேங்க் வால்வை மூடினேன். பர்னரும் அடிப்பெட்டியும் வாங்கி மாட்டலாம் என்று தேடினால், அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, உதிரிபாகம் கிடையாது என்றார்கள். மூடி மட்டும் கடைசிவரை மின்னிக்கொண்டே இருந்தது.

சரி, கொஞ்சம் கூடப் போட்டு நல்லதாக வாங்குவோம் என்று 2012இல் அந்த 349 டாலர் கிரில்லை வாங்கினேன். அது நான்கு கோடை தாங்கியது. இரண்டும் சேர்த்து 628 டாலர், ஏழு கோடை. பணத்தை விட எனக்கு ஆறாதது, முதல் முறை பட்ட பிறகும் இரண்டாம் முறையும் மூடியைப் பார்த்தே வாங்கினேன் என்பதுதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது ஒரே உலோகம் இல்லை. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நல்ல பாத்திரங்கள் அதில்தான் செய்யப்படுகின்றன. 430 என்ற ரகத்தில் குரோமியம் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கும், நிக்கல் கிடையாது. விலை குறைவு, பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டையும் துருவிலிருந்து காப்பது மேலே படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உப்பு அந்தப் படலத்தை ஓட்டை போடும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. 430 இந்த அடியை அதிகம் தாங்காது. நம் சமையலை நினைத்துப் பாருங்கள். தயிர், எலுமிச்சை, உப்பு போட்டு ஊறவைத்த கறி. அதிலிருந்து சொட்டுவது வெறும் கொழுப்பு இல்லை, உப்பும் புளிப்பும் கலந்த தண்ணீர். அது கீழே காய்ந்து கிடக்க, குளிர்காலம் முழுக்க மேலே பனி ஈரம்.

காந்தம் கொண்டுபோங்கள். 430இல் ஒட்டும், 304இல் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. 201 என்ற ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். 304 அளவுக்கு அது துருவைத் தாங்காது. ஆகவே காந்தம் பலமாக ஒட்டினால் பெரும்பாலும் 304 இல்லை என்று சொல்லிவிடலாம், ஒட்டாவிட்டால் 304தான் என்று சொல்ல முடியாது. 304 என்று எண் போட்டு எழுதியிருக்க வேண்டும். வெறுமனே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மட்டும் போட்டிருந்தால் நான் நம்பமாட்டேன்.

அதைவிட முக்கியம், பார்க்க வேண்டிய இடம். மூடியில் 430 இருந்தாலும் பாதகமில்லை, அங்கே உப்பும் பிசுக்கும் தேங்காது. குனிந்து அடிப்பெட்டியைப் பாருங்கள். விலை குறைந்த கிரில்களில் பலவற்றுக்கு அது மெல்லிய இரும்புத் தகடுதான், மேலே பெயின்ட் அல்லது பீங்கான் பூச்சு. பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால் போதும், அங்கிருந்து துரு உள்ளே ஓடும். வார்ப்பு அலுமினிய அடிப்பெட்டி துருப்பிடிக்காது. கிரில்லின் ஆயுளை அடிப்பெட்டிதான் தீர்மானிக்கிறது. பர்னரும் கம்பித் தட்டும் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பெட்டி போனால் எல்லாம் போச்சு.

அம்மா பாத்திரக் கடையில் எதையும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். எவர்சில்வர் எடைக்கு விற்கிற பொருள், கனம் தெரியாமல் வாங்கமாட்டார். அதையே இங்கேயும் செய்யுங்கள். மூடியைத் தூக்குங்கள். கம்பித் தட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு கையாலும் கிரில்லைப் பிடித்து ஆட்டுங்கள். தகரம் தகரமாகத்தான் ஆடும்.

2016இல் தெருமுனையில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு முதியவரிடம் 60 டாலருக்கு ஒரு பழைய கிரில் வாங்கினேன். வெபர் நிறுவனம் 1985இல் ஜெனிசிஸ் என்ற வரிசையைக் கொண்டுவந்தது. இது அந்த வரிசையில் தொண்ணூறுகளில் வந்த ஒன்று. அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியம். உள்ளே பர்னர் குழாய்கள் ஓட்டையாகி, மேலே கவிழ்க்கும் கூரைத் தகடுகள் கருவாடு போல நொறுங்கிக் கிடந்தன. இருபது வருஷப் பழைய மாடலுக்கு எல்லாப் பாகமும் கிடைத்தது. பர்னர், கூரைத் தகடு, கம்பித் தட்டு எல்லாம் சேர்த்து 190 டாலருக்குள் முடிந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு திருப்புளி, ஒரு ஸ்பானர். இன்றும் அதில்தான் சமைக்கிறேன்.

ஆகவே வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கடையில் நிற்கும்போதே, அந்த மாடல் எண்ணைப் போட்டு பர்னர் குழாய் தனியாகக் கிடைக்கிறதா என்று கைப்பேசியில் தேடுங்கள். அதே நிறுவனத்தின் பத்து வருஷப் பழைய மாடலுக்குக் கிடைக்கிறதா என்றும் தேடுங்கள். இரண்டாவது தேடலுக்கு ஒன்றும் வராவிட்டால் அந்த கிரில் வேண்டாம்.

உத்தரவாதத்தின் முதல் வரியை மட்டும் படிப்பது

"பர்னருக்கு 10 வருஷம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அடிப்பெட்டிக்கு எத்தனை, மற்ற பாகங்களுக்கு எத்தனை என்று கீழே தேடிப் படியுங்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால்தான் மாற்றித் தருவோம், மேல்துருவுக்குப் பொறுப்பில்லை என்ற வரியும் அங்கேதான் இருக்கும்.

பர்னரை எண்ணுவது, பி.டி.யு.வைக் கூட்டுவது

பெட்டியின் மேல் 60,000 பி.டி.யு. என்று போட்டிருப்பார்கள். பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு, கிரில்லுக்கு மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. அதில் பக்கவாட்டு அடுப்பின் 12,000மும் சேர்ந்திருக்கலாம். கறி வைக்கும் தட்டின் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பி.டி.யு. வந்தால் போதும். மூடி சரியாகப் படியாத மெல்லிய கிரில்லுக்கு அதிக பி.டி.யு. கொடுத்தால் அது கேஸைத்தான் தின்னும். 20 பவுண்டு டேங்க் நிறைய இருந்தால் சுமார் 4,30,000 பி.டி.யு. கிடைக்கும். 40,000 பி.டி.யு. கிரில்லை முழு வேகத்தில் வைத்தால் பத்துப் பதினோரு மணி நேரம். பழைய டேங்கைக் கொடுத்துப் புதிது எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பியிருக்கும், அதற்கு எட்டு மணி நேரம். நிரப்பித் தருகிற இடத்துக்கு நீங்களே டேங்கைக் கொண்டுபோனால் முழு அளவு கிடைக்கும்.

பக்கவாட்டு அடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ளவர்கள் பலர் அது வீண் என்பார்கள். மீன் வறுத்த வாசனை மூன்று நாள் கார்பெட்டில் தங்குவதை அனுபவித்த நமக்கு அது வீண் இல்லை. ஆனால் அதற்காக மோசமான கிரில்லை வாங்க வேண்டாம், தனியாக ஒரு புரோபேன் அடுப்பு வாங்கிக்கொள்ளலாம்.

தீ குறைந்ததும் கிரில் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது

இதற்காக நல்ல கிரில்களைக் குப்பைக்கு வைத்தவர்கள் உண்டு. கேன்டனில் ஒரு நண்பர் இரண்டே வருஷம் ஆன கிரில்லைத் தெரு ஓரத்தில் வைத்துவிட்டார். "சூடே ஏறமாட்டேங்குது, 300 டிகிரியைத் தாண்டாது" என்றார். ஃபாரன்ஹீட்டில்தான். நான் போய்ப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் 550க்கு ஏற்றிக் காட்டினேன். ஒரு பாகம்கூட மாற்றவில்லை.

டேங்கோடு இணைகிற ரெகுலேட்டர் அமைப்பில் ஒரு பாதுகாப்பு உண்டு. கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால், குழாய் எங்கோ பிய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓட்டத்தை நெரித்துவிடும். பர்னர் குமிழ் திறந்திருக்கும்போது டேங்க் வால்வைத் திறந்தாலும், வால்வைச் சடாரென்று முழுக்கத் திருகினாலும் இது நடக்கும். செய்ய வேண்டியது இதுதான். எல்லாக் குமிழ்களையும் மூடுங்கள், டேங்க் வால்வை மூடுங்கள், ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். ஓரிரு நிமிஷம் விட்டு மறுபடி மாட்டி, வால்வை மெதுவாகத் திறங்கள். அப்புறம் மூடியைத் திறந்து வைத்துப் பர்னரைப் பற்ற வையுங்கள். அணைக்கும்போது டேங்கை மூடிவிட்டுக் குமிழை மறந்து திறந்தே விடுவதால்தான் அடுத்த முறை இப்படி ஆகிறது.

சிலந்தியை மறப்பது

பர்னர் குழாயின் வாயில் குளிர்காலத்துக்கு முன் சிலந்தி வலை பின்னிவிடும். காற்று கலக்காமல் தீ மஞ்சளாக எரியும். அடைப்பு அதிகமானால் கேஸ் பின்பக்கமாக வந்து குமிழ்ப் பலகைக்கு அடியில் தீப்பிடிக்கும். வசந்தத்தில் முதல் முறை பற்ற வைக்குமுன் குழாய்களைக் கழற்றி, நீளமான மெல்லிய பிரஷ் விட்டுத் துடையுங்கள். நல்ல தீ நீலமாக, நுனியில் மட்டும் லேசான மஞ்சளோடு இருக்கும்.

சோப்புத் தண்ணீர் தடவாமல் பற்ற வைப்பது

டேங்க் மாற்றும் ஒவ்வொரு முறையும், கேஸ் கசிகிறதா என்று பார்க்க, டேங்க் வால்வைத் திறந்து குழாய் இணைப்புகளில் தடவுங்கள். குமிழி வந்தால் வால்வை மூடிவிடுங்கள், பற்ற வைக்கவே கூடாது.

கம்பி பிரஷ்

தட்டைத் தேய்க்க வைத்திருக்கும் கம்பி பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள். உதிர்ந்த கம்பி கறியோடு வயிற்றுக்குள் போய் அறுவை சிகிச்சை வரை போனவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2012இலேயே எச்சரித்திருக்கிறது.

பிசுக்குத் தட்டை விருந்துக்கு விருந்து தள்ளிப்போடுவது

வார்ப்பு அலுமினியம் துருவுக்கு அசையாது, ஆனால் சூட்டுக்கு உருகும். தூய அலுமினியமே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வார்ப்புக் கலவைகள் பெரும்பாலும் அதற்கும் முன்பே. எண்ணெய்த் தீ நின்று எரிந்தால் அந்தப் பெட்டியும் சிதையும், கூடவே வீடும் ஆபத்தில். இங்கே கிரில் தீ விபத்துகள் அதிகம் நடக்கும் மாதம் ஜூலை. அந்த மாதத்தில் நம் வீடுகளிலும் வாரம் ஒரு விருந்து நடக்கிறது. நான்கைந்து முறை சமைத்ததும், பிசுக்கு சேரும் அடித்தட்டை வெளியே இழுத்துச் சுரண்டுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. முடிந்தால் கேஸை மூடுங்கள், மூடியைச் சாத்துங்கள், தள்ளி நில்லுங்கள். அடங்காவிட்டால் அவசர உதவி எண் 911.

சூடு ஆறுமுன் உறை போடுவது

உறை உருகும், ஈரமும் உள்ளே தேங்கும். ஆறட்டும்.

மே மாதத்தில் வாங்குவது

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் மெமோரியல் டே விடுமுறைக்கு முன்னால் எல்லோரும் கேட்பார்கள், விலை இறங்க அவசியமே இல்லை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே விடுமுறை தாண்டியதும் கடைகளுக்கு இடம் காலியாக வேண்டும், பனி அள்ளும் இயந்திரங்கள் வந்து நிற்கப் போகின்றன. காட்சிக்கு வைத்த கிரில்லையே குறைத்துக் கேட்கலாம். ஏற்கெனவே பூட்டியிருக்கும், ஆட்டிப் பார்த்தே வாங்கலாம்.

நோவைத் தம்பி அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். கோடை முழுக்க எங்கள் வீட்டு டெக்கில்தான் அவர்களும் சமைத்தார்கள். செப்டம்பர் மூன்றாவது வாரம், மூன்றே பர்னர், வார்ப்பு அலுமினிய அடிப்பெட்டி, காட்சிக்கு வைத்தது, 130 டாலர் தள்ளுபடியில் எடுத்தார். மூடி வெறும் கறுப்பு. அதை அவர் வீட்டுக் கொல்லைப்புறப் படியில் ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டோம், அவர் மனைவியும் ஒரு பக்கம் பிடித்தார்.