பழைய உலோகத் தட்டுகள்: பார்த்து வாங்குதலும் சுவரில் அமைத்தலும்

பரிமாறுவதற்குப் பயன்பட்ட பழைய உலோக டிரேக்களைத் தேடிச் செல்லும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தமும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால், ஏமாற்றங்களில் பாதியைத் தவிர்த்துவிடலாம். தட்டு எந்த உலோகத்தால் ஆனது என்பது தெரிந்த பிறகே அதன் விலை நியாயமானதா, அதை எப்படித் துடைப்பது, வீட்டில் எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கு விடை காண முடியும்.

பித்தளை, செம்பு, அலுமினியம், வெள்ளி ஆகியவற்றில் காந்தம் ஒட்டாது; வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடான தகரத்தில் ஒட்டும். பித்தளை என்று சொல்லப்படும் தட்டில் காந்தம் ஒட்டினால், அது பித்தளை முலாம் பூசிய இரும்பு என்று கொள்ளலாம். வெள்ளிபோல் மின்னுபவற்றில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தாமஸ் போல்சோவர் கண்டறிந்த முறையில், செம்பின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைத்து உருட்டித் தட்டுகள் செய்தனர். நெடுங்காலம் தேய்த்த இடங்களில் செம்பின் சிவப்பு எட்டிப் பார்ப்பது இவற்றின் இயல்பு. 1840இல் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற மின்முலாம் முறை வந்தபின் அந்தப் பழைய முறை மெல்ல வழக்கொழிந்தது. தட்டின் பின்புறத்தில் இ.பி.என்.எஸ். (EPNS) என்ற ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தால், அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின்மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் ஏற்றப்பட்டது என்று பொருள். வெள்ளி என்ற பெயரில் கேட்கப்படும் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

வண்ணத் தகரத் தட்டுகளே சேகரிப்பவர்களை அதிகம் ஈர்க்கின்றன; எனக்கும் அவற்றின்மேல்தான் சாய்வு. 18ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பான்டிபூலில், கருமையான அரக்குப் பூச்சைச் சூளையில் வாட்டி இறுக்கி, அதன்மேல் கையால் பூக்களும் பொன்கோடுகளும் தீட்டினர். அச்சிட்ட தட்டுகள் பிறகு வந்தவை. தகடு விறைப்பானது என்பதால், கல்லில் வரைந்த படத்தை மையிட்டு அச்சிடும் கல்லச்சை அதன்மேல் நேரடியாக அழுத்துவது கடினம். படத்தை முதலில் ஓர் உருளையில் வாங்கி அங்கிருந்து தகட்டுக்கு மாற்றும் முறைக்கு இலண்டனின் ராபர்ட் பார்க்லே 1875இல் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே பான நிறுவனங்கள் தட்டை விளம்பரப் பலகையாக்கின. கோக்க-கோலாவின் முதல் விளம்பரத் தட்டு 1897ஐச் சேர்ந்தது.

இத்தகைய விளம்பரத் தட்டுகளுக்கு மறுபதிப்புகள் ஏராளம் என்பதால் உருப்பெருக்கியை இங்கே எடுக்க வேண்டும். கல்லச்சில் அச்சான பழைய படங்களில் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். பிற்காலப் படிகளில் அவை சீரான வரிசைகளில் நிற்கும். சீரான புள்ளி ஒன்றையே முடிவான சான்றாகக் கொள்ளாமல் விளிம்பையும் பின்புறத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. உண்மையான பயன்பாட்டின் கீறல்கள் கை படும் இடங்களிலும், தட்டு தரையில் அமரும் வளையத்திலும் மிகுந்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிந்திருக்கும் ‘பழைமை’யை நான் நம்புவதில்லை.

வாங்கிய அன்றே பளபளப்பாக்கிவிட வேண்டும் என்ற ஆவல் பலரையும் கெடுக்கிறது. வண்ணத் தட்டை மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி, நன்கு காய்ந்தபின் மெழுகை மிக மெல்லிதாகப் பூசினால் போதும்; ஊறவைத்தால் பூச்சின் வெடிப்புகள் வழியே நீர் இறங்கி உள்ளே துரு ஏறும். வண்ணமற்ற பின்புறத்துத் துருவை மட்டும் மிக நுண்ணிய எஃகு நாரில் சில துளி எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். பழைய வண்ணங்களில் காரீயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உரியும் பூச்சை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. அத்தகைய தட்டில் உணவையும் நேரடியாக வைக்கக் கூடாது. உட்புறம் வெள்ளீயம் பூசாத செம்புத் தட்டில் புளிப்பான பண்டங்களை வைப்பதும் தவறு. வெள்ளி முலாமைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் முலாம் சிறிது கரைகிறது. சித்திர வேலையின் பள்ளங்களில் நிற்கும் கருமை, அந்த வேலையை எடுத்துக்காட்டும் நிழல் என்பதால் அதை விட்டுவிடுவதே அழகு.

சுவரில் மாட்டுவதற்காகத் தட்டில் துளையிடக் கூடாது. விளிம்பைப் பற்றிக்கொள்ளும் சுருள்கம்பி மாட்டிகள் உண்டு. அவற்றின் கொக்கிகளில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகிவிட்டால் விளிம்பில் கீறல் விழாது. ஆணி அடிப்பதற்குமுன் ஒவ்வொரு தட்டின் வடிவத்தையும் காகிதத்தில் வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டொரு நாள் பார்த்துப் பழகுவது நல்லது. தட்டுக் கூட்டத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்திலும், தட்டுகளுக்கிடையே ஐந்து முதல் எட்டு செ.மீ. இடைவெளியும் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். பெரிய நீள்வட்டத் தட்டை நட்டநடுவில் வைக்காமல் சற்றே ஒதுக்கி, சிறியவற்றை அதைச் சுற்றி விரியவிட்டால் விறைப்பு குறையும். வண்ணத் தட்டுகளையும் வெள்ளி முலாம் தட்டுகளையும் ஒரே கூட்டத்தில் கலந்தால் ஒன்றின் மினுக்கம் மற்றதன் ஓவியத்தை விழுங்கிவிடும். வெள்ளியைச் சன்னலுக்கு எதிரே, மங்கலான மூலைக்கு ஒளி தரும்படி வைத்துவிட்டு, வண்ணத் தட்டுகளை வெயில் நேரே படாத சுவருக்கு மாற்றுங்கள். அடுப்பின்மேலும் குளியலறையிலும் எதையும் மாட்ட வேண்டாம்.

கைப்பிடி உள்ள பெரிய தட்டை மடக்குக் கால்களின்மேல் வைத்தால் சிறு மேசையாகிவிடும். அதன் உட்புற அளவுக்கு வெட்டிய கண்ணாடியை மேலே பதித்தால் குவளைகளின் ஈரத்தடம் ஓவியத்தில் படியாது. பற்றாசு வைத்து ஒட்டிய கைப்பிடியானால், பாரத்தோடு தூக்குவதற்குமுன் ஒட்டு அசைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பூந்தொட்டியின் அடியில் மட்டும் எந்தத் தட்டையும் வைக்காதீர்கள். தகரம் துருவேறும், செம்பிலும் பித்தளையிலும் களிம்பு பிடிக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை மாட்டியவற்றை இறக்கிப் பின்புறத்தைப் பாருங்கள், ஏனெனில் சுவரின் ஈரம் முதலில் அங்கேதான் தொடங்கும்.