நீளமான கோரை முடிக்கு பெர்ம்: பண்ணலாமா வேண்டாமா, வீட்டிலேயே சோதித்து முடிவெடுப்பது எப்படி

சுருட்டை முடிக்காரர்கள் நேராக்கிக்கொள்ளப் பாடுபடுகிறார்கள், கோரை முடிக்காரர்கள் சுருட்டிக்கொள்ளப் பாடுபடுகிறோம். நான் இரண்டாவது கூட்டம். ரப்பர் பேண்ட் போட்டால் அரை மணி நேரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், கிளிப் நிற்காது, கர்லிங் அயர்ன் வைத்து ஒரு மணி நேரம் கை வலிக்கச் சுருட்டினாலும் வாசலைத் தாண்டுவதற்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி தொங்கும். அப்படிப்பட்ட முடியை வைத்துக்கொண்டு பெர்ம் (வேதித் திரவத்தால் முடியை நீடித்து நிற்கும்படி சுருட்டுவது) படங்களைப் பார்த்தால் ஆசை வராமல் என்ன செய்யும்?

நான் இரண்டு முறை பெர்ம் செய்திருக்கிறேன். முதல் முறை சொதப்பல், இரண்டாவது முறை சரியாக வந்தது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். எந்தப் படியிலாவது மனம் மாறினால் அங்கேயே நின்றுவிடுங்கள், தப்பில்லை.

படி 1: பெர்ம் முடிக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வேதியியல் என்று பயப்பட வேண்டாம், இரண்டே நிமிடம். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளை ஏணிப்படி மாதிரி குறுக்கே பிடித்து வைத்திருப்பவை டைசல்பைடு பிணைப்புகள். முடி நேராக இருப்பதா சுருண்டிருப்பதா என்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. முடியை ராட்களில் (சுருட்டும் சிறு உருளைகளில்) சுற்றி, பெர்ம் திரவத்தை (பெரும்பாலும் அமோனியம் தயோகிளைகோலேட்) ஊற்றும்போது இந்தப் பிணைப்புகளில் ஒரு பகுதி அறுகிறது. முடி ராடின் வளைவுக்கு இணங்கிக்கொள்கிறது. அப்புறம் நியூட்ரலைசர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவம், பிணைப்புகளைப் புதிய இடத்தில் மறுபடி பூட்டுகிறது. அறுந்தது எல்லாமே திரும்பச் சேராது, அதனால் எவ்வளவு நல்ல பெர்மும் முடியைக் கொஞ்சம் பலவீனமாக்கத்தான் செய்யும். "எங்களுடையதில் பாதிப்பே கிடையாது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இதை 1900-களின் தொடக்கத்தில் வெப்பத்தை வைத்துச் செய்துகாட்டிய கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் முதலில் தன் மனைவியின் தலையில்தான் சோதித்துப் பார்த்தாராம். முதல் இரண்டு தடவையும் முடி கருகிப்போனது. அந்த அம்மா மூன்றாவது தடவைக்கும் உட்கார்ந்தார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். பித்தளை உருளைகளைச் சூடாக்கித் தலையில் மாட்டாமல், திரவத்தை மட்டும் நம்பிச் செய்கிற குளிர் பெர்ம் 1938-ல்தான் வந்தது.

படி 2: உங்கள் முடியின் வயதைக் கணக்குப் போடுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நான் சொதப்பியது இங்கேதான்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், ஆண்டுக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். தையல் டேப்பை எடுத்து, உச்சியிலிருந்து நுனி வரை ஒரு கற்றையை அளந்து, 12-ஆல் வகுத்துப் பாருங்கள். 60 செ.மீ. முடி என்றால் நுனிக்கு ஐந்து வயது. அந்த ஐந்து வருடத்தில் அதற்கு என்னென்ன செய்தீர்களோ எல்லாம் அதற்குள் இன்னும் இருக்கிறது. தலையிலிருந்து நேற்று முளைத்த முடிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் பெர்ம் திரவம் இரண்டின் மேலும் ஒரே நாளில் விழப்போகிறது.

ஒரு தாளில் ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் வேர், மறுமுனையில் நுனி என்று எழுதுங்கள். எப்போது டை அடித்தீர்கள், எப்போது ப்ளீச், எப்போது ஸ்ட்ரெய்ட்டனிங், எப்போது மருதாணி என்று யோசித்து, அது இப்போது வேரிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருக்கும் என்று குறியுங்கள். முதல் முறை போனபோது எனக்கு 65 செ.மீ. முடி. "கெமிக்கல் ஏதாவது பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார்கள், "இல்லையே" என்றேன். பொய் சொல்லவில்லை, மறந்தே போயிருந்தேன். மூன்று வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்காக ஸ்ட்ரெய்ட்டனிங் செய்திருக்கிறேன். கணக்குப் போட்டால் வேரிலிருந்து 36 செ.மீ. தாண்டிய எல்லாமே ஸ்ட்ரெய்ட்டனிங் திரவத்தை ஏற்கெனவே குடித்த முடி. வீட்டுக்கு வந்து காய வைத்துப் பார்த்தால் தோள் வரைக்கும் அழகான அலை, அதற்குக் கீழே துடைப்பம். மிகைப்படுத்தவில்லை, கையில் எடுத்து நசுக்கினால் சரசரவென்று சத்தம் வந்தது. ஒரு சாணுக்கும் மேலே வெட்ட வேண்டியதாயிற்று.

கோடு போட்டாயிற்றா? இப்போது பாருங்கள்:

ப்ளீச் செய்த பகுதி இருந்தால் பெர்ம் வேண்டாம். அந்தப் பகுதியை வெட்டிய பிறகு யோசிக்கலாம்.

சோடியம் ஹைட்ராக்சைடு வகை ரிலாக்சர் (முடியை நேராக்கும் கலவை) போட்ட முடியில் பெர்ம் சரிப்படவே சரிப்படாது. அது பிணைப்புகளையே வேறு மாதிரியாக மாற்றிவிடுகிறது, பெர்ம் திரவத்துக்கு அங்கே வேலை இல்லை, முடி அறுந்து கையோடு வரும் அபாயம்தான் மிச்சம். மற்ற ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங் எதுவாக இருந்தாலும் பெயர், மாதம், வருடம் சொல்லி சலூனில் கேளுங்கள்.

மருதாணி கொஞ்சம் வில்லங்கம். சுத்தமான மருதாணி முடியில் படிந்து திரவத்தை உள்ளே விடாமல் தடுக்கலாம், சுருள் ஒழுங்காக விழாது. கறுப்பு, பழுப்பு என்று நிறம் சொல்லி விற்கிற கலப்புப் பொடிகளில் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும், அவை பெராக்சைடோடு சேர்ந்து சூடாகி முடியையே பாழாக்கிவிடும். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

எதுவுமே செய்யாத முடி, அல்லது வேர் பக்கம் மட்டும் சாதாரண டை என்றால் மேலே போகலாம்.

படி 3: ஒற்றை முடிச் சோதனை

தலை சீவும்போது சீப்பில் வருகிற முடியில் நாலைந்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குண்டூசித் தலையை விடச் சின்னதாக ஒரு புள்ளி தெரியும், அது வேர். மறுமுனை நுனி. தண்ணீரில் சில நிமிடம் ஊற வைத்து, நுனிப் பக்கமாக ஒரு விரல் நீளத்தை இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நல்ல முடி என்றால் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கு வரும். இழுத்த மறுநொடியே பட்டென்று அறுந்தாலோ, சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போய் அப்படியே தொங்கினாலோ, அந்த முடி பெர்மைத் தாங்காது. அடுத்து அதே முடியின் நடுப்பகுதியில், வேர்ப் பகுதியில் செய்து பாருங்கள். மேலே ரப்பர், கீழே சூயிங்கம் என்று வந்தால் எங்கே வெட்ட வேண்டும் என்பதை முடியே சொல்லிவிட்டது.

முடியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று எல்லா இடத்திலும் சுற்றுகிறது. முடியில் துளி எண்ணெய் இருந்தாலும் மிதக்கும். நான் அதை நம்புவதில்லை.

படி 4: இரண்டு வாரம் சுருட்டை முடியோடு வாழ்ந்து பாருங்கள்

படத்தில் பார்ப்பது வேறு, காலையில் எழுந்து அதோடு மல்லுக்கட்டுவது வேறு. இரவில் ஈரம் லேசாக இருக்கும்போதே இறுக்கமில்லாமல் நாலைந்து பின்னல் போட்டோ, மெத்தென்ற ரோலர்களில் சுற்றியோ படுத்துவிடுங்கள். காலையில் பிரித்துக் கண்ணாடியைப் பாருங்கள். இப்படி இரண்டு வாரம். தினமும் வேண்டாம், வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஆனால் அந்த இரண்டு வாரமும் ஒரு விதி: காய்ந்த முடியில் சீப்பு வைக்கக் கூடாது. ஏனென்றால் பெர்ம் செய்த பிறகு அதுதான் வாழ்க்கை. ஈரத்தில், கண்டிஷனர் போட்டு, பல் இடைவெளி அதிகமுள்ள சீப்பால், நுனியிலிருந்து மேலாகச் சிக்கு எடுக்க வேண்டும். காய்ந்தபின் சீவினால் சுருள் கலைந்து பஞ்சு மூட்டை ஆகிவிடும். பெர்ம் பண்ணினால் எழுந்ததும் அப்படியே கிளம்பலாம் என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை.

இதிலேயே நீளத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு கற்றையைச் சுற்றுவதற்கு முன்பு டேப்பில் அளங்கள், பிரித்த பின் இழுக்காமல் அப்படியே தொங்கவிட்டு மறுபடி அளங்கள். எனக்கு விரல் பருமன் ரோலரில் 65 செ.மீ. கற்றை 48-க்கு ஏறிவிட்டது. இடுப்பு வரை முடி இருப்பதுதான் உங்கள் பெருமை என்றால் அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள்.

படி 5: எந்த வகை, எந்த ராட்

சாதாரணக் குளிர் பெர்ம் காரத்தன்மை உள்ளது, பிஎச் 9-ஐ ஒட்டி. தடிமனான, திரவத்துக்கு எளிதில் இடம்கொடுக்காத கோரை முடிக்கு இதுதான் பிடிக்கும். அமில வகை பெர்ம் மென்மையானது, மெல்லிய முடிக்கு ஏற்றது, ஆனால் அதில் பயன்படும் கிளிசரில் மோனோதயோகிளைகோலேட் சிலருக்குத் தோல் அலர்ஜியைக் கொடுக்கும். மூன்றாவது டிஜிட்டல் பெர்ம், சூடாகும் ராட்களை மாட்டிச் செய்வது. குளிர் பெர்ம் ஈரத்தில்தான் நன்றாகச் சுருண்டு தெரியும், காய்ந்தால் தளரும். டிஜிட்டல் பெர்ம் நேர் எதிர், காய்ந்தால்தான் அலை எடுப்பாக விழும். தலையை உலர்த்தி, விரலால் சுற்றிவிடும் பொறுமை இருக்கிறவர்களுக்கு டிஜிட்டல் பொருந்தும்.

ராடின் பருமன்தான் சுருளின் பருமன். நீள முடியில் இன்னொரு விஷயம் உண்டு: எடை. முடி தன் பாரத்தாலேயே சுருளைக் கீழே இழுக்கும், அதனால் படத்தில் இருப்பதை விட ஒரு அளவு சின்ன ராடு தேவைப்படலாம். நுனியிலிருந்து உருட்டிக்கொண்டே வேர் வரை சுற்றினால் நீள முடியில் நுனி இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் வரும், ஏனென்றால் சுற்றுக்கு மேல் சுற்று ஏறி ராடே தடிமனாகிவிடுகிறது. ராடை நிமிர்த்திப் பிடித்துத் திருகுச் சுற்றாகச் சுற்றினால் வேர் முதல் நுனி வரை ஒரே மாதிரி வரும், நேரம்தான் கூடுதலாகும்.

படி 6: சலூனில் கேட்க வேண்டியவை

முதல் நாள் பேச மட்டும் போங்கள். கோடு போட்ட அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். கூச்சமே வேண்டாம், இரண்டாவது முறை நான் அதை நீட்டியதும் அந்த ஸ்டைலிஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நீள முடிக்கு இதற்கு முன் செய்திருக்கிறீர்களா, எப்படிச் சுற்றுவீர்கள், என்று கேளுங்கள். பிடரியில் உள்பக்கமாக ஒரு கற்றையில் மட்டும் முதலில் செய்து காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். தோலில் அலர்ஜிச் சோதனையும் முன்கூட்டியே செய்ய வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, தலையில் புண், சொரியாசிஸ் மாதிரி ஏதாவது இருந்தாலோ முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

செய்கிற நாளில் மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முந்தின நாள் நகம் போட்டுத் தலையைச் சொறிய வேண்டாம், கீறலில் திரவம் பட்டால் எரியும். நடுவில் ஒரு ராடைக் கொஞ்சம் தளர்த்தி முடி வளைந்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள், அப்படிப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் நம்பினால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். தலை எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே சொல்லுங்கள். வாடை அடிக்கும், அழுகின முட்டையும் அமோனியாவும் சேர்ந்த மாதிரி. அடுத்த சில குளியல்களில் முடி நனையும்போது லேசாகத் திரும்ப வரும்.

படி 7: அதற்குப் பிறகு

முதல் 48 மணி நேரம் தலைக்குக் குளிக்காமல், இறுக்கிப் பின்னாமல், கொண்டை போடாமல் விட்டுவிடச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். டை அடிக்க வேண்டுமென்றால் இரண்டு வாரமாவது போகட்டும். சுருள் மூன்றிலிருந்து ஆறு மாதம் எடுப்பாக இருக்கும், பிறகு தளரும், ஆனால் பழைய கோரை முடியாகத் திரும்பி வராது. ஆறு மாதத்தில் வேரில் 6 செ.மீ. புதிதாக, அசல் கோரையாக முளைத்து நிற்கும். பிடிக்கவில்லை என்று திரும்ப நேராக்கப் போனால் அது இன்னொரு கெமிக்கல், அதே முடியில் இரண்டாவது அடி.

மறுபடி பெர்ம் போடத் தோன்றினால் புதிதாக முளைத்த பகுதிக்கு மட்டும் போடச் சொல்லுங்கள், ஏற்கெனவே சுருண்ட பகுதியில் திரவம் படாமல் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தாளில் தேதியைக் குறித்துவிட மறக்காதீர்கள், மூன்று வருடம் கழித்து யாராவது "கெமிக்கல் ஏதாவது பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்பார்கள்.