பனி ஈரத்தில் காரைத் துடைக்காதீர்கள்: மலையில் கார் கழுவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் நான் பாலிஷ் போடும் கார்களில், வெயிலில் நிறுத்தினால் மட்டும் தெரிகிற மெல்லிய வட்டக் கீறல்கள் பெரும்பாலும் அக்கறையோடு துடைத்ததால் விழுந்தவை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஆகாது, சோப்புக்கு ஒன்று, துணியை அலச ஒன்று என வாளி இரண்டு வேண்டும் என்பவை பலருக்கும் தெரிந்திருப்பதால், இந்த மலையில் அன்றாடம் காண்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பனி ஈரத்தில் துடைப்பது

இரவு முழுவதும் வெளியே நின்ற கார் காலையில் பனித்துளியால் நனைந்திருக்கும். ஈரம்தான் இருக்கிறதே என்று பழைய பனியன் துணியால் ஒரு துடை துடைத்தால் வண்டி பளிச்சென்று ஆகிவிடும். பெயின்ட்டுக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாக ஏறி வந்த வண்டியின் மேல் சாலையோரச் செம்மண் தூசி படிந்திருக்கும். அதில் கலந்துள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) துகள்களின் கடினம், கற்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவில் 7; சாதாரண எஃகுக் கத்தியைவிட அதிகம். பனி ஈரம் அந்தத் துகள்களை ஊற வைக்குமே தவிர, மிதக்க வைத்துக் கழுவிச் செல்லாது. ஆகவே துணி உப்புத்தாளைப் போல வேலை செய்கிறது. பெயின்ட்டின் மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்புப் படலம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் கனமே உடையது, தலைமுடியைவிட மெல்லியது. கீறலைப் போக்க பாலிஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தப் படலத்தில் சிறிது தேய்ந்து போகிறது என்பதால், பாலிஷை விரும்பிய அளவு செய்துகொண்டே இருக்க முடியாது. படலம் தீர்ந்தால் அந்தப் பகுதிக்குப் புதிதாக பெயின்ட் அடிக்க வேண்டும்; கம்பெனி பெயின்ட் திரும்பி வராது.

தங்கும் விடுதிகள் பலவற்றில் இதையே உபசாரமாகச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். விருந்தினர் எழுவதற்குள், ஒரே வாளித் தண்ணீரில் நனைத்த ஒரே துணியால் வரிசையாக எல்லாக் கார்களையும் துடைத்துவிடுகிறார்கள். முதல் காரின் மண் கடைசிக் கார் வரை பயணம் செய்கிறது. துடைக்கிறவர் நல்ல மனத்தோடுதான் செய்கிறார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து புதிய கறுப்புக் காரில் வந்து தங்கிய ஒருவர், ஊர் திரும்பும் வழியில் என்னிடம் நிறுத்தி, "அண்ணா, தினமும் துடைச்சுதானே வெச்சிருந்தாங்க, எப்படி இவ்வளவு கோடு?" என்று கேட்டார். தினமும் துடைத்ததால்தான் என்று சொல்வது எனக்கே கடினமாக இருந்தது.

விடுதியில் அறை எடுக்கும்போதே, வண்டியைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலையில் கண்ணாடிகளை மட்டும் தண்ணீர் ஊற்றித் தனித் துணியால் துடைத்தால் போதும். பெயின்ட்டின் மேல் உள்ள பனி தானாகக் காயட்டும்.

உறைபனியில் வெந்நீர்

ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடக்கூடும்.

சக்கரம் தேய்த்த துணி

மலை இறங்கும் வண்டிகளில் பிரேக் அதிகம் தேய்வதால் சக்கரத்தில் இரும்புத் துகள் படிகிறது. அந்தத் துணி பானெட்டின் பக்கம் போகவே கூடாது.

தூசியின் மேல் கவர்

கழுவாத வண்டிக்குக் கவர் போட்டால், காற்றில் கவர் அடிக்கும்போதெல்லாம் தூசி உராய்கிறது. கழுவி உலர்த்திய பிறகே கவர்; அதற்கு நேரமில்லாத நாளில் கவர் இல்லாமல் நிற்பதே மேல்.

ஓடையில் கழுவுவது

கூடாது. கீழே அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவசரமாக உலர்த்துவது

சமவெளி வெயிலில் தண்ணீர் காய்ந்து கறை விழும் என்ற பயத்தில் பழகியவர்கள், இங்கும் அழுத்தித் தேய்த்து உலர்த்துகிறார்கள். மூடுபனியில் தண்ணீர் மெதுவாகத்தான் காயும், அவசரம் தேவையில்லை. கடைசியாக அலசும்போது ஹோஸ் பைப்பின் முனையைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து தண்ணீரை மெல்ல வழிய விட்டால் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும். மிஞ்சியதன் மேல் மைக்ரோஃபைபர் துண்டை விரித்து, ஒற்றி எடுங்கள். தரையில் விழுந்த துண்டைத் துவைக்காமல் மறுபடி தொடாதீர்கள். துவைத்ததை வேலியிலும் செடியிலும் போட்டால் சருகும் மண்ணும் இழைகளில் சிக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் நாள் கணக்கில் காயாமல் பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே வீட்டுக்குள் கொடியில் காயவிட்டு, முழுவதும் உலர்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.