புதிய பெயருக்கு டிரேட்மார்க்: தேடலும் பாதுகாப்பும்

சத்துமாவோ செக்கு எண்ணெயோ சொந்தப் பெயரில் விற்கத் தொடங்குவோர் பலர், உறையை அச்சடித்து, உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஜிஎஸ்டி எண்ணும் வாங்கிய கையோடு, பெயரும் தம்முடையதாகிவிட்டது என்று கருதிக்கொள்கின்றனர். இவற்றுள் எதுவும், நிறுவனப் பதிவும்கூட, அந்தப் பெயரின்மீது வணிகச்சின்ன (டிரேட்மார்க்) உரிமையைத் தருவதில்லை. அதற்கு 1999ஆம் ஆண்டின் வணிகச்சின்னச் சட்டப்படி தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன், உறை அச்சுக்குப் போவதற்கும் முன், தேட வேண்டும்.

வணிகச்சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். பெயர்கள் வகுப்புவாரியாகப் பதிவாகின்றன; பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன. சத்துமாவும் மசாலாப்பொடியும் 30ஆம் வகுப்பில் வரும். சமையல் எண்ணெயும் ஊறுகாயும் 29இல், உணவகம் 43இல் வரும். உங்கள் பொருளுக்குரிய வகுப்போடு நிறுத்திக்கொள்ளாமல், அதே வாடிக்கையாளர் வாங்கக்கூடிய பக்கத்து வகுப்புகளிலும் தேடுங்கள்.

எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயர் இல்லை என்றவுடன் தேடலை முடித்துக்கொள்வதே வழக்கமாக நடக்கும் பிழை. பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்கும். 'மகிழ்' என்பதில் வரும் ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்றும் மற்றொருவர் எல் என்றும் எழுதியிருப்பார். நடுவிலுள்ள ககரம் ஜி ஆகவும் கே ஆகவும் எச் ஆகவும் இருக்கலாம். இத்தனை வடிவங்களையும் இட்டுப் பார்த்து, ஒலி அடிப்படையிலான தேடலையும் செய்து, பெயரின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து அது எங்கெல்லாம் இடம்பெறுகிறது என்றும் காண வேண்டும். நீதிமன்றங்களும் கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்கும் சாதாரண வாடிக்கையாளரின் அரைகுறை நினைவை வைத்தே ஒப்பிடுகின்றன. 'குளுக்கோவிட்டா' என்ற குளுக்கோஸ் பொடியின் பெயரோடு 'குளுவிட்டா' என்ற பிஸ்கட்டின் பெயர் குழப்பம் தரும் என்று உச்ச நீதிமன்றம் 1959இல் முடிவு செய்தது. ஒன்று பொடி, மற்றொன்று பிஸ்கட் என்ற வேறுபாடு உதவவில்லை.

கைவிடப்பட்டது என்று காட்டப்படும் பெயரைக் கண்டு உடனே மகிழ வேண்டாம். விண்ணப்பத்தைக் கைவிட்டவர் சந்தையில் அதே பெயரில் விற்றுக்கொண்டிருக்கலாம். நம் சட்டத்தில் முன்பே பயன்படுத்தியவரின் உரிமை பதிவைவிட வலியது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில், எதிர்த்தரப்பும் பதிவு வைத்திருந்த நிலையில், முந்தைய பயன்பாட்டுக்கே முதன்மை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஆகவே மளிகைக்கடை அலமாரி, இணையச் சந்தைகள், கூகுள் வரைபடம் ஆகியவற்றையும் பதிவேட்டைப் பார்த்த அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

'சுத்தமான நெய்' போன்று பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் பெயரைப் பதிவகம் பொதுவாக ஏற்பதில்லை. ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றிருப்பதால், அந்தச் சொற்கள் எந்தத் தனி வியாபாரியின் சொத்தும் ஆகா. பொருளோடு தொடர்பற்ற சொல்லை விளம்பரப்படுத்தச் செலவு கூடும்; காப்பாற்றுவதோ எளிது.

டிஎம்-ஏ என்ற படிவத்தை இணையவழி அளிக்கும் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு வகுப்பொன்றுக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000 கட்டணம். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னைப் பதிவகத்தைச் சேரும். கையில் பணம் ஒன்றுக்கு மட்டுமே இருந்தால், லோகோவைவிடப் பெயரைச் சொல் வடிவில் பதிவதே மேல் என்பது என் கருத்து. லோகோ மாறும், பெயர் நிற்கும். ஏற்கெனவே விற்பனை நடந்திருந்தால் முதல் விற்பனை நாளைப் பிரமாணப் பத்திரத்தோடும் பில்களோடும் காட்ட வேண்டும். சான்றில்லாத பழைய தேதியை எழுதுவது பிற்பாடு வழக்கில் உங்களையே குத்தும்.

விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பதிவகம் அனுப்பும் ஆய்வறிக்கையில் ஆட்சேபம் வந்தால் ஒரு மாதத்துக்குள் பதிலளிக்க வேண்டும். ஏற்கப்பட்ட பெயர் வணிகச்சின்ன இதழில் வெளியாகும்; அதிலிருந்து 4 மாதங்களுக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பறிக்கை கிடைத்த 2 மாதங்களில் மறுமொழி தாக்கல் செய்யாவிடில் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும் என்பதால், பதிவகத்தில் கொடுத்த மின்னஞ்சலைத் தவறாமல் பார்த்து வாருங்கள். பதிவு முடியும்வரை பெயருக்கருகே டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் என்ற குறி பதிவுக்குப் பின்புதான்.

பதிவு விண்ணப்ப நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பிறர் ஒத்த பெயரில் விண்ணப்பிப்பதைப் பதிவகம் எப்போதும் உங்களுக்குத் தெரிவிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வாரந்தோறும் வரும் இதழை நீங்களோ உங்கள் முகவரோ பார்த்தால்தான் உரிய காலத்தில் எதிர்க்க முடியும். பதிவுக்குப் பின் 5 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாத பெயரை நீக்கக் கோரப் பிறருக்கு வழியுண்டு என்பதால், பில்களையும் விளம்பரங்களையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வையுங்கள்.