மழைநீர் போகும் வழி: புவியியலில் ஒரு விருப்பப் பாடத்தை வகுத்தல்

மேல்நிலை வகுப்புக்குப் புதிய புவியியல் விருப்பப் பாடம் ஒன்றை உருவாக்க முற்படும் ஆசிரியர்கள் பெரும்பாலும் தலைப்புகளை அடுக்குவதிலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு மாறாக, பள்ளி அமைந்துள்ள ஊரைப் பற்றிய ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை காணத் தேவையானவற்றை மட்டும் பாடமாக்குவதே என் பரிந்துரை. தென்சென்னையின் வேளச்சேரியில் உள்ள பள்ளியாயின், "நம் மொட்டைமாடியில் விழும் மழை எவ்வழியே கடலைச் சேர்கிறது?" என்ற கேள்வி ஓர் ஆண்டுக்குத் தாங்கும். வீராங்கல் ஓடை, பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம் எனச் செல்லும் அந்த வழியை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் நாளே சொல்லிவிடக் கூடாது.

பொதுத்தேர்வுக்குரிய பாடங்களைப் பள்ளி தானாக மாற்ற இயலாது. ஆகவே பதினோராம் வகுப்பில் வாரம் இரண்டு தொடர் பாடவேளைகள் கேட்டுப் பெறுவது போதும்.

ஆண்டுத் திட்டத்தை நாட்காட்டியைவிட மழையே தீர்மானிக்கட்டும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்வதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை வரைபடப் பயிற்சியையும், பருவமழைக் காலத்தில் கள அளவீட்டையும், ஜனவரிக்குப் பின் அறிக்கை எழுதுவதையும் வைத்துக்கொள்ளலாம்.

வரைபடப் பயிற்சிக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 நிலவரைபடமும், இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களும் உதவும். ஆயினும் தென்சென்னை ஏறக்குறையத் தட்டையான நிலம் என்பதால், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளைக் கொண்டு மட்டும் நீரோட்டத்தின் திசையைக் கண்டறிய முடியாது. மழை பெய்து ஓய்ந்தவுடன் தெருவில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மாணவர்கள் பார்த்து வரைபடத்தில் அம்புக்குறியிட்டால், அச்சிட்ட படத்தில் இல்லாத சரிவுகள் புலப்படும்.

மழைமானியைப் பள்ளியில் மட்டும் வைப்பது பயன் தராது. கனமழை பெய்யும் நாட்களில்தான் பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கப்படுகிறதே! நேர்ச்சுவர் கொண்ட கலம் ஒன்றைச் சில மாணவர்களின் வீட்டு மாடியிலும் வைத்து, வானிலை ஆய்வு மையத்தைப் போலவே காலை 8.30 மணிக்கு அளவெடுக்கச் செய்ய வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர். ஆகவே 800 சதுர மீட்டர் மாடியில் 50 மி.மீ. பெய்தால் 40,000 லிட்டர் கிடைக்கும். இக்கணக்கை மாணவர்கள் தம் பள்ளியின் சேமிப்புத் தொட்டியுடன் ஒப்பிடும்போது, மழைநீர்ச் சேகரிப்பு பற்றிய பேச்சு முழக்கத்திலிருந்து கணக்குக்கு வந்துவிடும்.

களப்பயணத்துக்குப் பள்ளிக்கரணையே பொருத்தமானது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற இச்சதுப்புநிலத்தின் விளிம்பில் குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் இருப்பதை நேரில் காணலாம். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் பெறுவதும், மழை நாளில் நீர்நிலையருகே செல்லாதிருப்பதும் கட்டாயம்.

மதிப்பீட்டில் பாதி மதிப்பெண்ணையாவது கள ஏட்டுக்கு ஒதுக்க வேண்டும். தேதி, நேரம், அளவு ஆகியவை அந்தந்த நாளில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். அழகிய அட்டைப்படத்துக்கு மதிப்பெண் வேண்டாம்.

பருவமழை பொய்க்கும் ஆண்டுக்கும் மாற்றுத் திட்டம் தேவை. 2018-இல் மழை குறைந்ததன் விளைவாக 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அத்தகைய ஆண்டில், அளவுக்குறியிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி அக்கம்பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளந்து, அதே ஏட்டில் பதிவு செய்யலாம்.