.375 மேக்னம்: தோட்டா நிரப்புபவர்களும் வேட்டைக்காரர்களும் சறுக்கும் இடங்கள்

லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912இல் கொண்டுவந்த .375 மேக்னம் (குண்டின் விட்டம் .375 அங்குலம்) தோட்டாவுக்கு இன்றும் ஆப்பிரிக்காவில் மவுசு குறையவில்லை. யானை, எருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்குப் பல நாடுகள் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவே இதுதான். கடைத் தோட்டாவின் விலை கையைக் கடிப்பதால், அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பலர் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புது பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். (நம் ஊரில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டம் வேட்டைக்கு இடம் தருவதில்லை, உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம். இது அங்குள்ள கதை.)

இந்தத் தோட்டாவின் அடியில் ஒரு பித்தளை வளையம் ஓடும். பெல்ட் என்பார்கள். கூட்டுக்குப் பலம் சேர்க்கத்தான் அது என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் அது வெறும் நிறுத்தம். கூட்டின் தோள் (வாயை நோக்கிக் குறுகும் பகுதி) சரிவாக இருப்பதால், தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை பெல்ட்டிடம் ஒப்படைத்தார்கள். அதனால் தோளுக்கு முன்னால் சேம்பரில் தாராளமாக இடம் விடப்பட்டிருப்பது உண்டு. சுட்டதும் கூடு அந்த இடத்தை நிரப்ப நீள்கிறது. நிரப்புபவரோ, டையை (சுட்ட கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) முட்டும்வரை இறக்கித் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுகிறார். அடுத்த முறை சுடும்போது மறுபடி நீட்சி. நீளத் தேவையான பித்தளை எங்கிருந்தாவது வர வேண்டுமே! பெல்ட்டுக்குச் சற்று முன்னால் உள்ள சுவர்தான் மெலிகிறது. சில சுற்றுகளில் அங்கே பளபளவென்று ஒரு கோடு தெரியும். அதையும் கவனிக்காவிட்டால் கூடு இரண்டாகப் பிய்ந்து, முன்பாதி சேம்பரிலேயே சிக்கிக்கொள்ளும். எருமை எதிரே நிற்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். அதை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கிபோல் மடக்கி, கூட்டின் வாய் வழியாக விட்டு உட்சுவரை அடியிலிருந்து மேலே வருடுங்கள். பெல்ட்டுக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் இடறினால், அந்தக் கூடு குப்பைக்கு. வராமல் தடுக்க, டையைக் கொஞ்சம் மேலேற்றி, தோள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே பின்னால் போகும்படி வைக்க வேண்டும். பெல்ட்டை மறந்துவிட்டு, சாதாரணத் தோட்டாவைப் போல் தோளை நிறுத்தமாக எடுத்துக்கொள்வதுதான் வழி.

அடுத்தது வேக ஆசை. 300 கிரெயின் (சுமார் 19.4 கிராம்) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,500 அடி வேகத்தில் அனுப்புவதற்குத்தான் இந்தத் தோட்டா பெயர் வாங்கியது. அதற்கு மேல் 100 அடி பிழிந்தெடுத்தால் எருமைக்கு வித்தியாசம் தெரியாது, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழான போல்ட்டுக்குத் தெரியும். குளிர்காலத்தில் அமெரிக்காவின் மொன்டானாவில் சோதித்த உச்ச மருந்து அளவில் நிரப்பிய தோட்டா, ஜிம்பாப்வேயில் அக்டோபர் வெயிலில் வண்டிப் பலகைமேல் காய்ந்த பிறகு அழுத்தம் கூடி, போல்ட் கைப்பிடி தூக்கவே வராமல் இறுகிவிடும்.

மருந்துப் பெயர்களிலும் ஏமாறுகிறார்கள். எச் 4831, ஐஎம்ஆர் 4831 இரண்டும் ஒன்றல்ல; பின்னது வேகமாக எரியும். ஒன்றுக்கான அளவை மற்றதற்குப் போட்டால் விபரீதம். மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். எடை ஒன்றுதானே என்று ஈயக் குண்டுக்கான அளவை முழுச் செம்புக் குண்டுக்குப் போடுவதும் தவறு. செம்புக் குண்டு நீளமானது, கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும். எதை மாற்றினாலும், பிரைமரையே மாற்றினாலும், கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் மறுபடி ஏற வேண்டும்.

கிரிம்ப், அதாவது கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்குவது, சின்ன விஷயம், ஆனால் விடக் கூடாது. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது மேகசினில் (அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் பெட்டி) இருக்கும் தோட்டாக்களின் மூக்கு முன்சுவரில் மோதும். கூட்டின் வாய் குண்டின் வரிப்பள்ளத்தில் இறுக்கப்படாவிட்டால் குண்டு உள்ளே அமுங்கி அழுத்தம் ஏறும்.

இனி காட்டுக்குள். .375இல் 270 கிரெயினும் 300 கிரெயினும் ஒரே இடத்தில் விழும் என்று ஒரு நம்பிக்கை காலங்காலமாக உலாவுகிறது. சில துப்பாக்கிகளில் உண்மை. உங்களுடையதில் உண்மையா என்பதைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். விரியும் குண்டுக்கும் விரியாத சாலிடுக்கும் இதே கதைதான். மந்தைக்குள் முதல் சுடுதலுக்கே சாலிட் போடுபவர்கள், அது எருமையைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் கை, பழக்கத்தில் முன்காலுக்குப் பின்னால் குறிவைக்கும். ஆப்பிரிக்க விலங்குகளுக்கு இதயமும் நுரையீரலும் அதைவிட முன்னால், தாழ்வாக இருக்கின்றன. எருமை பக்கவாட்டில் நின்றால் முன்காலின் கோட்டிலேயே ஏறி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். முதல் குண்டு பட்டதும் நிமிர்ந்து பார்த்து ரசிக்காமல், அது நிற்கும்வரை சுடுவதே அங்குள்ள தொழில்முறை வழிகாட்டிகள் விடாமல் சொல்வது.

மேசையில் சாய்ந்து மட்டுமே பழகியவர் உதைக்குப் பயந்து விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை மூடப் பழகிவிடுவார். குறி சரிபார்க்க மேசை போதும். மீதிப் பயிற்சி முக்காலிக் கம்பில், நின்றபடி, சிறிய துப்பாக்கியில். புறப்படுவதற்கு முன், மூட்டை கட்டும் ஒவ்வொரு தோட்டாவையும் சுடும் களத்தில், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசின் வழியாக ஒரு முறை சேம்பருக்குள் ஏற்றி இறக்குங்கள். பிடிக்கிற தோட்டா ஒன்றிரண்டு எப்படியும் இருக்கும். அவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம்.