இடைக்காலச் சிதிலங்களை வரையும்போது நடக்கும் தவறுகள்

பழைய ரோமை அதன் முழுப் பொலிவோடு காட்டும் ஓவியங்களுக்குப் பஞ்சமில்லை. அதே கட்டடங்கள் இடைக்காலத்தில், பாதி இடிந்தும் மீதியில் ஆட்கள் குடியிருந்தும் எப்படி இருந்திருக்கும் என்று வரைபவர்கள் குறைவு. அந்தச் சிலரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இன்று எடுத்த புகைப்படத்தைப் பார்த்துச் சிதிலத்தை வரைந்துவிட்டு, அதன் முன்னால் இரண்டு துறவிகளையும் நாலு ஆடுகளையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இன்றைக்கு நிற்கும் சிதிலத்தை இடைக்காலம் அப்படியே நம்மிடம் விட்டுப்போகவில்லை. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் தோண்டி, ஒட்டியிருந்ததை இடித்து, முட்டுக்கொடுத்து நிறுத்திய உருவம் அது. எனவே வரையும்போது பின்னால் சேர்த்ததை அழிக்க வேண்டும், எடுத்துப்போட்டதைத் திரும்ப வைக்க வேண்டும்.

ரோமின் பழைய நீள்வட்ட அரங்கமான கொலோசியத்தையே பார்ப்போம். அதன் நடுவே வரிசையாகத் தெரியும் நிலத்தடிச் சுவர்களை இடைக்காலப் படத்தில் வரைவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அன்று அவை மண்ணுக்குள் கிடந்தன. 19ஆம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கி, 1930களில்தான் முழுவதும் வெளியே வந்தன. அடுத்து, வெளிச்சுவர் முறிந்து நிற்கும் இரண்டு முனைகளில் உள்ள செங்கல் முட்டுச்சுவர்கள். கிழக்கே இருப்பது 1807இல் கட்டியது. மேற்கே இருப்பது 1820களில். இரண்டையும் தாராளமாக அழித்துவிடலாம். தெற்குப் பக்க வெளிவளையமோ பெருமளவு 1349 நிலநடுக்கத்தில் சரிந்ததாகக் கருதப்படுகிறது. நீங்கள் வரைவது 1200ஆம் ஆண்டு என்றால் இன்றைக்கு இருப்பதைவிட அதிகமான சுவர் நிற்க வேண்டும். இடைக்காலம் என்றாலே இன்னும் மோசமாக இடிந்திருக்கும் என்று நினைத்துக் கல்லைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

காலியாக விடுவதும் தவறுதான். கொலோசியத்தின் வளைவுகளுக்கு அடியில் வீடுகளும் பட்டறைகளும் இருந்தன. 12ஆம் நூற்றாண்டில் ஃபிராஞ்சிபானே என்ற பிரபுக் குடும்பத்தார் அதைக் கோட்டையாகவே ஆக்கிக்கொண்டார்கள். பிரான்சின் ஆர்ல் நகரத்து அரங்கம் இன்னும் ஒரு படி மேலே போய் உள்ளே தெருக்கள், 200க்கும் மேற்பட்ட வீடுகள், இரண்டு சிற்றாலயங்கள், மேலே காவல் கோபுரங்கள் என்று ஒரு சிற்றூராகவே மாறியிருந்தது. வீடுகளை 1820களில் அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். கோபுரங்களில் மூன்று இன்றும் நிற்கின்றன. ஆக, புகை போகும் கூரை, காயும் துணி, குப்பைக் குவியல், மரத்தால் ஆன ஏணிப்படி எல்லாவற்றுக்கும் படத்தில் இடம் வேண்டும். ஆள் குடியிருக்கும் சுவரில் கொடி ஆளுயரத்துக்கு மண்டவும் விடமாட்டார்கள். நிலா வெளிச்சம், ஆந்தை, சுவரெல்லாம் பச்சை என்கிற கலவை 18, 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் ரசனை. அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் அது இன்னொரு காலத்தின் கண்.

தரைமட்டம் அடுத்தது. பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில், பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் வெற்றி வளைவின் அடிப்பகுதி மண்ணில் புதைந்தே கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சுற்றித் தோண்டி எடுத்தார்கள். பக்கத்திலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. அந்தோனினஸ், ஃபௌஸ்டினா கோயில் பின்னாளில் தேவாலயமானது. 17ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தபோது வைத்த அதன் வாசற்கதவு இன்று ஆள் எட்டாத உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. அன்றைய தரை அவ்வளவு மேலே இருந்தது. தரையை உயர்த்தி வரைந்தால் தூண்கள் குட்டையாகும், வளைவுகள் தாழும், பிரம்மாண்டம் குறையும். ஓவியருக்கு மனம் வராது. வந்தே ஆக வேண்டும்.

ஏதென்ஸின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தினானில் பிழை நேர்எதிராகப் போகிறது. கூரையில்லாத தூண்கூட்டமாக அதை வரைந்து, '1300ஆம் ஆண்டு, ஏதென்ஸ்' என்று அடியில் எழுதிவிடுகிறார்கள். 1300இல் அது கூரையோடு, மணி ஒலிக்க, வழிபாடு நடந்துகொண்டிருந்த மரியன்னை ஆலயம். கிழக்குப் பக்கம் பீடத்துக்காக அரைவட்டச் சுவர் கட்டி, வாசலை மேற்கே மாற்றியிருந்தார்கள். மசூதியாகி மினார் எழுந்தது ஒட்டோமான்கள் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏதென்ஸைப் பிடித்த பிறகு. நடுப்பகுதி வெடித்துச் சிதறியது 1687இல், உள்ளே வைத்திருந்த வெடிமருந்தின் மேல் வெனிஸ் படையின் குண்டு விழுந்தபோது. நாம் அறிந்த அந்தச் சிதிலம் இடைக்காலம் முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் சிதிலமே ஆனது.

இதனால்தான் முதலில் ஒரு வருடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள் என்கிறேன். ஏறக்குறைய 500 முதல் 1500 வரை நீளும் ஆயிரம் ஆண்டுகளை 'இடைக்காலம்' என்று ஒரே படத்தில் அடைத்தால், ஒன்றையொன்று பார்த்திராத கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். கோபுரங்கள் நிறைந்த ரோம் வேண்டுமா? 1257க்கு முன்பா, பின்பா என்று பாருங்கள். அந்த வருடம் பிரான்கலியோனே என்ற ஆட்சியாளர் பிரபுக்களின் கோபுரங்களில் சுமார் 140ஐ இடித்துத் தள்ளினார்.

ஆதாரமாக எடுக்கும் பழைய படத்துக்கும் அதன் வயதைப் பாருங்கள். ரோமின் பழைய கோயிலான பாந்தியனின் முகப்பில் இரண்டு மணிக்கோபுரங்கள் இருக்கும் பழைய அச்சுப்படங்கள் நிறையக் கிடைக்கும். அவை 17ஆம் நூற்றாண்டில் கட்டி, 1883இல் அகற்றியவை. இடைக்காலத்தில் இருந்தது 1270இல் எழுந்த ஒற்றைக் கோபுரம். 1530களில் ரோமில் இருந்து வரைந்த டச்சு ஓவியர் ஹீம்ஸ்கெர்க்கின் கோட்டோவியங்கள் அருமையானவை, நம்பலாம். ஆனால் அதற்குள் போப்புகள் கொலோசியத்தில் இருந்து வண்டி வண்டியாகக் கல் எடுத்துவிட்டிருந்தார்கள். அவரைப் பார்த்து 1150ஐ வரைய முடியாது. ரோமில் பேரரசர் திராயானின் தூண் உச்சியில் புனித பேதுருவின் சிலை நிற்பதும் 1587 முதல்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள்: கொலோசியச் சுவரில் குழிகள் போடுங்கள், கற்களைப் பிணைத்த இரும்புப் பட்டைகளைத் தோண்டி எடுத்த தடம் அது. ரோமில் சுண்ணாம்புக் காளவாய் ஒன்றையாவது வரையுங்கள். பளிங்குச் சிலைகள் பலவும் அதில்தான் வெந்து சுண்ணாம்பாயின.

இவ்வளவுக்கும் பிறகு ஆதாரம் இல்லாத மூலைகள் இருக்கத்தான் செய்யும். வீட்டுக் கூரை ஓடா வைக்கோலா, ஏணி எந்தப் பக்கம் என்பதையெல்லாம் ஊகித்துத்தான் ஆக வேண்டும், அதில் தவறில்லை. எல்லாவற்றையும் ஒரே அழுத்தமான கோட்டில் வரைவதுதான் தவறு. ஊகங்களை டிஜிட்டலில் தனி லேயராக வையுங்கள். காகிதம் என்றால் வெளிறிய வண்ணத்தில் தீட்டி, எது அகழாய்வில் கிடைத்தது, எது ஆவணத்தில் உள்ளது, எது உங்கள் கற்பனை என்று படத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். விளக்கத்தைத் தனித் தாளில் வைத்தால் படம் மட்டும் ஊர் சுற்றப் போய்விடும், தாள் உங்களிடமே கிடக்கும்.